தடுக்கப்பட்ட முகவரி

எங்கள் கம்பெனியின் பயன்பாட்டு விதிகளை முழுசாகப் படித்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். அதுவும் எழுதியதே நான் என்பதால். மற்றவர்கள் எல்லோரும் 'படித்தேன், சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்துவிடுவார்கள். பிற்பாடு நாங்கள் வெப்சைட்டை நிறுத்தும்போது, யாரும் சொல்லவே இல்லையே என்று போனில் குதிப்பார்கள். குதிப்பதைக் கேட்டுக்கொள்வதும் என் வேலைதான்.

நாங்கள் வெப்சைட் வைக்க இடம் வாடகைக்கு விடுகிறோம். ஒரே சர்வரில் நூறு இருநூறு வெப்சைட் குடியிருக்கும். அடுக்குமாடிக் குடித்தனத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எல்லோருக்கும் பொதுவாக இருப்பது மாதிரி. ஒருத்தர் குழாயைத் திறந்துபோட்டால் மற்ற வீடுகளில் காற்றுதான் வரும். அதனால்தான் விதிகள். திருட்டுப் படம் வைக்கக் கூடாது, கும்பலாக மெயில் அனுப்பக் கூடாது, புரோகிராம் வைத்து ஒரு பக்கத்தை ஓயாமல் திறந்து சர்வரை மூச்சுமுட்ட வைக்கக் கூடாது.

ஒரு திங்கட்கிழமை காலை. நான் சீட்டில் உட்காரக்கூட இல்லை, தன் வெப்சைட் திறக்கவில்லை என்று ஒரு செருப்புக் கடைக்காரர் காய்ச்சி எடுத்தார். அடுத்து ஒரு டியூஷன் சென்டர். நோண்டிப் பார்த்ததில், அந்த சர்வரின் மொத்த சக்தியையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது சைக்கிள் ரிப்பேர் பற்றிய ஒரு சின்ன வெப்சைட். இருக்கிற இடம் தெரியாத வெப்சைட். அதை நிறுத்திவைத்துவிட்டு, எந்த விதி மீறப்பட்டது என்று உரிமையாளருக்கு மெயில் போட்டேன்.

உரிமையாளர் ஒரு சைக்கிள் மெக்கானிக். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். நான் சண்டைக்குத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவரோ சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருந்தார். தன் பக்கத்தை இத்தனை பேரா பார்க்கிறார்கள் என்று கேட்டார். செயின் மாற்றுவது, வளைந்த ரிம்மை நிமிர்த்துவது என்று படம் படமாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறாராம். இதுவரை ஒரு ஆள் ஒரு வார்த்தை எழுதியதில்லையாம். நான் வருகைப் பதிவைத் திறந்தேன். எல்லா வருகையும் ஒரே இடத்து இணைய முகவரி. எனக்குப் பூசி மெழுகத் தெரியாது, அதை அப்படியே சொல்லிவிட்டேன்.

மனிதர் காற்றுப் போன டியூப் மாதிரி ஆகிவிட்டார். அப்புறம், இது அடுத்த தெருவில் புதுசாகக் கடை போட்டவனின் வேலைதான் என்று முடிவு கட்டி, அந்த முகவரியைத் தடுத்துவிடச் சொன்னார். தடுத்தேன். வெப்சைட் ஊருக்கெல்லாம் திறந்தது, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் மூடிக்கொண்டது.

மறுநாள் ஒரு அம்மா கூப்பிட்டார். தடுக்கப்பட்டவர்களின் திரையில் எங்கள் நம்பர் வரும், அதைப் பார்த்துத்தான். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறாராம். தடுக்கப்பட்டவர்கள் எடுத்த எடுப்பிலேயே எகிறுவதுதான் வழக்கம். இவர் மெதுவாக ஒன்றுதான் கேட்டார்.

"அவனா தடுக்கச் சொன்னான்?"

மெக்கானிக்கின் அக்கா.

நான் திட்டத்தான் ஆரம்பித்தேன். நீங்கள் செய்த காரியத்தால் எத்தனை பேர் வியாபாரம் கெட்டது தெரியுமா என்று. அவர் எதையும் மறைக்கவில்லை. பக்கத்தை விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன புரோகிராமை எங்கிருந்தோ பிடித்து, மருத்துவமனையிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டிருக்கிறார். புதுப் படம் ஒன்றில் தாமதமானாலும் இன்னொன்றில் சீக்கிரம் வந்துவிடுமே என்று. ஒரு பஸ்ஸைப் பிடிக்க எல்லா ஸ்டாப்பிலும் ஆள் நிறுத்திய கதை. தடை விழுந்ததும் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டாராம். அப்படி என்ன அவசரம் என்று கேட்டேன்.

"கட்டைவெரல்ல கட்டுப் போட்டிருந்தாம்மா."

அக்காவும் தம்பியும் பேசிப் பல வருஷம் ஆகிறது. அம்மா இல்லாத வீட்டில் அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவர் இவர்தான். இஞ்சினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவன் கடை திறந்த அன்று, வந்தவர்கள் எதிரிலேயே, கிரீஸ் கையோடு என் வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார். அவன் வரவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அப்புறம் எப்போதோ இந்த வெப்சைட் இவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதில் அவன் முகம் கிடையாது, கை மட்டும்தான். ஸ்பேனர் பிடித்த கை, செயின் கோர்க்கும் கை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் நாளை ஓட்டியிருக்கிறார். இளைத்திருக்கிறானா, நேரத்துக்குச் சாப்பிடுகிறானா, எல்லாம் மணிக்கட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடுமாம். கடைசியாக வந்த படத்தில் வலது கட்டைவிரலில் பெரிய கட்டு. அதற்கப்புறம் படமே வரவில்லை.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் போனிலும் ஒரு பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே, அந்த ஆள் கடைசியாக எப்போது போனைப் பார்த்தார் என்று ஒரு நேரம் காட்டும். தினமும் எழுந்ததும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பல் விளக்கப் போவேன். ஏங்குகிற விஷயத்தில் அந்த அம்மாவுக்கு நான் ஒன்றும் இளைத்தவள் இல்லை.

ஆனால் விதி விதிதான். தடையை நீக்க உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். பார்க்க வந்தவர் யார் என்று அவரிடம் நாங்கள் சொல்லக் கூடாது. வந்தவரே அனுமதித்தால் சொல்லலாம். உங்கள் பெயரைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். பதறிவிட்டார். அக்கா பார்க்கிறாள் என்று தெரிந்தால் படம் போடுவதையே நிறுத்திவிடுவான், அந்தக் கையும் இல்லாமல் போய்விடும் என்றார். சரி, உங்கள் சொந்தப் போனில் பாருங்கள், அதற்குத் தடை இல்லை என்று, நான் சொல்லக் கூடாததையும் சொல்லிப் பார்த்தேன்.

"யாருன்னு தெரியாம தடுத்திருந்தாலும் அது அவன் வீடும்மா. வராதேன்னுட்டான். பின்வாசல் வழியா போக மாட்டேன்."

வீம்பில் அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. யாரோ ஒரு பல்வலிக்காரர் டோக்கன் கேட்பதும், இவர் அவரை உட்காரச் சொல்வதும் கேட்டது. திரும்பி வந்தவர், விரல் ஆறிவிட்டதா என்று மட்டும் அவனிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். அதைக் கேட்டாலே யார் கேட்கச் சொன்னது என்று அவருக்குப் புரிந்துவிடும், அப்புறம் படம் வராமல் போனால் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றேன்.

"தெரிஞ்சா தெரியட்டும். அந்த வெரல் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அந்த முகவரிக்காரர் உங்கள் எதிரி இல்லை, புரோகிராமையும் எடுத்துவிட்டார், மறுபடி பார்க்க அனுமதி கேட்கிறார் என்றேன். யார் அது என்றார். பெயரைச் சொல்ல அவர் அனுமதி தரவில்லை, விதியில் இடமில்லை என்றேன். பேர் தெரியாத ஆளுக்கு எதற்குத் திறந்துவிட வேண்டும் என்று எரிந்து விழுந்தார். நியாயம்தான்.

"சார், ஒங்க கட்டைவெரல் ஆறிடுச்சா?"

தையல் பிரித்தாகிவிட்டது, ஸ்பேனர்தான் இன்னும் பிடிக்க வரவில்லை என்றார். குரல் இறங்கியிருந்தது. அந்தப் படத்தைச் செயினைக் காட்டத்தானே போட்டேன், அதில் விரலை யார் பார்த்தார்கள் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு, பல் ஆஸ்பத்திரியிலிருந்தா என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. மூடிக்கொண்டிருந்தேன்.

தடையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டபோது மவுஸை அந்தப் பட்டன்மேலேயே வைத்திருந்தேன்.

"வேணாம் மேடம். அது அப்படியே இருக்கட்டும்."

இதைப் போய் அந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வேன் என்று நினைக்கும்போதே, மெக்கானிக் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தெறந்துவிட்டா அது இன்னும் பத்து வருஷம் படத்தையே பாத்துட்டு ஒக்காந்திருக்கும். நேர்ல வரச் சொல்லுங்க. கையக் காட்டுறேன்."

தூது போகக் கூடாது என்று விதிகளில் எழுத மறந்திருக்கிறேன். நல்லதாகப் போயிற்று. அந்த அம்மா முதல் மணியிலேயே எடுத்தார். திறந்துவிட்டானா என்றார். இல்லை என்றேன். உடனே, தம்பி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அழுகிறாரோ என்று காதை அழுத்திக் கேட்டேன். மேசை இழுப்பறை திறக்கிற சத்தமும் சாவிக்கொத்துச் சத்தமும்தான் வந்தன.

கடையை எத்தனை மணிக்கு மூடுவான் என்று கேட்டார். அதை நான் கேட்கவில்லை என்றேன். வேண்டுமானால் இப்போதே போன் பண்ணிக் கேட்கிறேன் என்றேன்.

"வேணாம்மா, அதுக்கெல்லாம் நேரமில்ல. மூடியிருந்தா வாசல்லயே ஒக்காந்துக்கிறேன்."