உப்பு போடாத கூழ்

காசியம்மாள் மணல்மேட்டில் கூழ் ஊற்ற ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல் வாரம் அழுதாள். அடுத்த வாரம் அழுகை வரவில்லை. அதற்கப்புறம், அழுகை வரவில்லையே என்ற கவலையும் போய்விட்டது.

சந்திரகிரி ராஜா கோட்டையை விட்டு ஓடிப்போனார் என்று சேதி வந்த வருஷம் அது. உள்நாட்டில் விளைந்ததைப் படைகள் தின்றன, விளையாததற்கு வானம் பொறுப்பேற்றுக்கொண்டது. ஜனங்கள் பழவேற்காட்டைப் பார்த்து நடந்தார்கள். ஒல்லாந்தர் கோட்டை இருக்கிறது, கப்பல் வருகிறது, ஆயிரம் தறி ஓடுகிறது, அவ்வளவு பெரிய பட்டணத்தில் ஒரு வாய்க் கஞ்சி கிடைக்காதா என்று நம்பி வந்தார்கள். பட்டணமோ அவர்களைக் கண்டதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போயிற்று. பட்டணங்களுக்கு இது கைவந்த கலை.

பந்தல் போட்டது ஏரிக்கரைக் குப்பத்துக்காரர்கள்தான். வீட்டுக்கு ஒரு பிடி கேழ்வரகு. பொறுப்பு காசியம்மாளுக்கு. கூழ் ஊற்றுவதோடு அவள் வேலை முடிந்துவிடாது. வந்தவனை மேலும் கீழும் பார்ப்பாள். விரலில் நூல் அறுத்த தழும்பு இருந்தால் தறித்தெருவுக்கு அனுப்புவாள். தோள் தெம்பாக இருந்தால் சுண்ணாம்புக் காளவாய்க்கு, சிப்பி அள்ள. பெண்களை மீன் காயப்போடும் வாடிக்கு. எங்கே ஆள் தேவை, எந்த வீட்டுக்காரி வாய்க்கொழுப்பு, எவன் சொன்னபடி நெல் அளப்பான் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

முதலில் எல்லோருடைய பெயரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்ட பெயர்களில் பாதிப் பேர் பத்து நாளில் மணலுக்குள் போனார்கள். பெயர் தெரிந்த ஆளைப் புதைப்பது கஷ்டமாக இருந்தது. ஆகவே கேட்பதை நிறுத்தினாள். நிறுத்தியபின் வேலை சுளுவாக நடந்தது.

நடுவில் குப்பத்தில் ஒரு முணுமுணுப்பு. ஊர்க்காரர்களே சிலர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று கூழ் குடிக்கிறார்களாம். அதற்கு வழி கண்டுபிடித்தவள் காசியம்மாள். அவள் புருஷன் நாகப்பன் வலைக்குச் சாயம் ஏற்றுகிறவன். வேலம்பட்டையைக் கொதிக்கவைத்து வலையை முக்கி எடுக்கிற குப்பத்துக்காரர்களின் கை முழங்கை வரைக்கும் சிவந்து கிடக்கும். அந்தச் சாயத்தில் ஒரு குச்சியைத் தோய்த்து, வந்தவர்களின் புறங்கையில் மட்டும் ஒற்றைப் பொட்டு வைத்தாள். பொட்டு இருந்தால் கூழ், இல்லாவிட்டால் இல்லை. சண்டை ஓய்ந்தது.

ஒருநாள் தரகர் திருவேங்கடம் ஒரு மூட்டைக் கேழ்வரகோடு பந்தலுக்கு வந்தார். துணி வியாபாரம் படுத்துப்போனதிலிருந்து அவர் என்ன வியாபாரம் செய்கிறார் என்பது ஊருக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டார்கள்.

"அந்தப் பொட்டு எத்தினி நாளு நிக்கும், காசியம்மா?"

"அஞ்சாறு நாளு. மங்கினா திரும்ப வெப்பேன்."

"நல்ல யோசனை. யாருக்கும் தோணல பாரு."

அன்று முழுக்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. நாகப்பனிடம் இரண்டு தடவை சொன்னாள். அந்த மூன்று மாதத்தில் அவள் மனசில் அசைந்தது அது ஒன்றுதான்.

எளாவூர்ப் பக்கத்திலிருந்து திரௌபதி வந்தது அதற்கு மறுநாள். நெல் விளைந்த நாளில் நன்றாக வாழ்ந்தவள். கூட எட்டு வயதுப் பெண்.

"கைய நீட்டு," என்றாள் காசியம்மாள்.

"எம் பேரு திரௌபதி, அக்கா. இவ எல்லம்மா."

"பேரெல்லாம் வேணாம். கைய நீட்டு."

மறுநாளும் அதே வார்த்தை. அதற்கு மறுநாளும். கூழ் வாங்கும்போதெல்லாம் அவள் தன் பெயரையும் மகள் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் வாங்கினாள். "நேத்தே சொன்னியே," என்று காசியம்மாள் எரிந்து விழுந்தாள். "நீ திருப்பிச் சொல்லலியே அக்கா," என்றாள் திரௌபதி. பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு காசியம்மாள் அடுத்த ஆளுக்கு ஊற்றினாள்.

அடுத்த ஆள் பெரும்பாலும் அவள் காளவாய்க்கு அனுப்பிய ஒருவன். அவனுக்கு வாயெல்லாம் புண். உப்பு பட்டால் துடித்துப்போவான். அதனால் பானையில் உப்பு போடுவதற்கு முன்னாலேயே அவனுக்கென்று ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றித் தனியாக வைத்துவிடுவாள். அவன் கும்பிட்டு வாங்கிக்கொள்வான். அவன் பெயரும் அவளுக்குத் தெரியாது.

திரௌபதி வந்த பத்தாம் நாள் முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு கப்பல் நங்கூரம் போட்டது. துறைமுகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஊரில் கேட்க ஆள் இருக்கிறவனை அடிமையாக விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. நாதியற்றவனை விற்கலாம். யார் நாதியற்றவன் என்று கண்டுபிடிப்பதுதான் இத்தனை நாளும் தரகர்களுக்குப் பெரிய தலைவலி. விடிந்ததும் திருவேங்கடத்தின் ஆட்கள் காளவாய்க்கும் வாடிக்கும் தறித்தெருவுக்கும் போனார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

திரௌபதி மூச்சிரைக்க காசியம்மாளின் குடிசைக்குள் வந்து நின்றாள். சுள்ளி பொறுக்கப் போன எல்லம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "பொட்டப் பாத்தாங்க அக்கா. பொட்டு இருக்கறவங்களா பாத்துப் புடிக்கிறாங்க."

காசியம்மாளுக்குப் புரிந்தது. புரிந்தபிறகும் நெஞ்சில் ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் தானாக வேலை செய்தது. திரௌபதியை இழுத்துப்போய், அவளுடைய இரண்டு கைகளையும் சாயத்தொட்டியில் முழங்கை வரை முக்கினாள். "கேட்டா குப்பத்துக்காரின்னு சொல்லு. வெளிய வராத," என்று சொல்லிவிட்டு முகத்துவாரத்துக்கு நடந்தாள்.

திருவேங்கடத்தின் கிடங்கு வாசலில் துறைமுகக் கணக்கன் ஜான் ஏட்டோடு உட்கார்ந்திருந்தான். அப்பன் கப்பல்காரன், அம்மா இந்த ஊர்க்காரி. காசியம்மாளிடம் மீன் வாங்குகிறவன்.

"சட்டம் உனுக்குத் தெரியுமில்ல?" என்றான். "கேக்க ஆளு இருக்குன்னு சொல்ல ஒரு குப்பத்துக்கு ஒரு சாட்சி, ஒரே தடவ. வந்தவங்க சாட்சி செல்லாது. நீ பேரைச் சொல்லணும். அவங்ககிட்ட கேட்டு நான் எழுதி வெச்சிருக்கேன். ஒத்துப்போச்சுன்னா இட்டுக்கினு போ."

"எத்தினி பேரைச் சொல்லலாம்?"

"தெரிஞ்ச பேரு எல்லாத்தையும் சொல்லு."

கதவைத் திறந்தார்கள். முப்பத்திரண்டு பேர் தரையில் குந்தியிருந்தார்கள். பிரம்போடு இரண்டு காவல்காரர்கள், வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அவளைப் பார்த்ததும் முப்பத்திரண்டு முகமும் நிமிர்ந்தது. நம்ம கூழ்க்கார அம்மா வந்துவிட்டாள் என்று அந்த முகங்களில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"எல்லம்மா," என்றாள். "திரௌபதி மவ. எளாவூர்ப் பக்கம்."

ஜான் ஏட்டைப் பார்த்தான். "சரி." பெண் ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டது.

"அப்புறம்?"

காசியம்மாள் பார்த்தாள். பாதிக் கூழைப் புருஷனுக்கென்று மறைத்து எடுத்துப்போகிறவள். இடது கையால் வாங்கித் திட்டு வாங்குகிற கிழவர். இருமல்காரன். ஒவ்வொருவரையும் தெரிந்தது. யாரை எங்கே வேலைக்கு அனுப்பினாள் என்பதும் தெரிந்தது.

"அதோ, அந்த ஆளு. வாய்ப்புண்ணு. உப்பு ஆவாது. காளவாய்க்கு நான்தான் அனுப்பிச்சேன்."

"பேரு?"

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. அவளுக்குப் பிடிபடவில்லை.

"முனியன்," என்றாள், குருட்டாம்போக்கில்.

ஜான் ஏட்டில் விரலை ஓட்டினான். "இல்ல."

"தருமலிங்கம்," என்றான் அந்த ஆள். குரல் புண்ணோடு வந்தது. பிரம்பு ஒரு தடவை விழுந்தது.

"தருமலிங்கம்," என்றாள் காசியம்மாள் அவசரமாக.

"அவன் சொன்னப்புறம் நீ சொன்னா செல்லாது." ஜான் குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணு தப்பாச் சொன்னா உன் சாட்சியே பொய்யாப்பூடும். இந்தப் பொண்ணயும் உள்ள வுட வேண்டியதுதான். இட்டுக்கினு போயிடு, காசியம்மா."

அவள் எல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். பின்னால் கதவைச் சாத்தினார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

திரௌபதி மகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு மற்றவர்களைப் பற்றிக் கேட்டாள்.

"பேரு தெரியல," என்றாள் காசியம்மாள்.

"காளவாய்க்காரரு தருமலிங்கம். பக்கத்துல படுக்கிறவரு செங்கல்வராயன். இருமறவரு மாசிலாமணி. கூழ மறைச்சு எடுத்துக்கினு போவாளே, அவ தனக்கோடி..." சிவந்த விரல்களை மடக்கி மடக்கிப் பதினொரு பேரைச் சொன்னாள். பத்து நாளில் தெரிந்துகொண்டவை. காசியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். சாட்சி ஒரே தடவை என்றால் ஒரே தடவைதான்.

மறுநாள் காலையில் கப்பல் பாய் விரித்ததைக் குப்பமே கரையில் நின்று பார்த்தது. காசியம்மாள் போகவில்லை. ராத்திரி நடந்து வந்த புது ஆட்கள் ஒன்பது பேர் பந்தலில் காத்திருந்தார்கள். எவனோ வழியில் சொல்லியிருப்பான்போல, பொட்டுக்காகப் புறங்கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் குச்சியைத் தொடவில்லை. ஒவ்வொருவராகப் பெயர் கேட்டாள், திருப்பிச் சொன்னாள், ஊற்றினாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

எல்லோரும் குடித்து முடித்தபோது பானைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி நிறைய கூழ் ஆடைகட்டிக் கிடந்தது. உப்பு போடுவதற்கு முன்னால் எப்போது அதை எடுத்து வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இது யாருக்கு பெரிம்மா?" என்றாள் எல்லம்மா.

"தருமலிங்கத்துக்கு," என்றாள் காசியம்மாள்.