மேஸ்திரி அடித்த மணி

மாடியிலிருந்து மூன்றாவது முறையாகச் சொட்டியது நேராகக் கீழ்வீட்டுக்காரரின் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. மழைத்தண்ணீர் என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை. மழை பெய்து ஒரு மாதமாகிறது. வீட்டின் சொந்தக்காரரே அவர்தான். தட்டைக் கையில் ஏந்தியபடியே படியேறி வந்துவிட்டார்.

"ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கறேம்மா. அதுக்கப்புறம் ஒரு சொட்டு விழுந்தாலும் நாயை அனுப்பிடுங்க. மனசு வரலேன்னா நீங்களும் கூடவே கிளம்புங்க."

"பழக்கிடறேன் சார்," என்றாள் அக்கா.

"நாய் வாலை நிமிர்த்த முடியுமா?"

"வாலு அதுபாட்டுக்கு இருக்கட்டும் சார். அவசரம்னா கதவுகிட்ட வந்து சொல்லத் தெரிஞ்சா போதும்."

அவர் தட்டை ஒருமுறை பார்த்தார், நாயை ஒருமுறை பார்த்தார், இறங்கிப் போனார். ஒன்றாம் தேதிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

அக்கா முப்பத்தோரு வருடம் ஆலையின் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்று மூன்று வருடமாகத் தங்கை வாடகைக்கு எடுத்த இந்த மாடிவீட்டில் இருக்கிறாள். தங்கைக்கு அலுவலகத்தில் கோப்புக் கட்டும் வேலை. காலையில் போனால் மாலையில்தான் வருவாள். இரண்டு மாதத்துக்கு முன் ஆலையை ஒரேயடியாக மூடியபோது, வாசலில் காவல் கிடந்த நாயைக் கேட்பார் இல்லை. அக்கா போய்க் கூட்டிவந்துவிட்டாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எதைப் பார்த்தாலும் குறை கண்டதுபோல நிற்கும் அதன் தோரணைக்கு மேஸ்திரி என்ற பெயர் தானாக அமைந்தது. அதற்கு நாள் முழுக்க ஆலைவாசல்தான் வீடு, வீடு முழுக்கக் கழிப்பிடம். கதவு என்று ஒன்று உண்டு, அதற்கு அந்தப் பக்கம்தான் இந்தக் காரியம் என்பதெல்லாம் அதற்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அக்கா ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினாள். ஒரு சின்னப் பித்தளை மணி வாங்கி, நாயின் மூக்கு உயரத்துக்குக் கதவில் கட்டினாள். முதலில் மணியில் வேகவைத்த முட்டையின் மஞ்சளைத் தடவினாள். மேஸ்திரி நக்கியது, மணி ஆடியது, ஒரு துண்டு முட்டை கிடைத்தது. மறுநாள் மஞ்சள் இல்லாமலே மூக்கால் தட்டியது. நான்காம் நாளிலிருந்து மணி ஆடினால்தான் கதவு திறந்தது. சந்துக்குப் போய்க் காரியத்தை முடித்தால்தான் முட்டை. சும்மா ஊர் சுற்ற ஆட்டினால் ஒன்றும் கிடையாது. ஒன்பதாம் நாள் காலையில் மேஸ்திரி தானாக எழுந்துபோய், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மணியைத் தட்டி, அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்கா மகிழ்ச்சியில் முழு முட்டையையும் கொடுத்துவிட்டாள்.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் பகலில் கதவடியில் ஈரம். அதற்கடுத்த நாளும். கீழே இறங்காமல் இருக்கப் பழைய போர்வைகளை நாலாய் மடித்துக் கதவடியில் போட்டுவைத்தாள். போர்வைகளைத் துவைத்தே அவள் கை வெளுத்துப்போயிற்று. வேடிக்கை என்னவென்றால், மாலையிலும் விடுமுறை நாளிலும் தங்கை வீட்டில் இருந்தால் மேஸ்திரியைப்போல ஒழுக்கசீலன் கிடையாது. சொட்டு விழாது.

"நான் இருந்தா ஒழுங்கா மணி அடிக்கறானேக்கா?"

"உன்கிட்ட பயம். என்கிட்ட செல்லம், ஏறி மிதிக்கறான். எத்தனை சொன்னாலும் செவிடன் காதுல ஊதின சங்கு." அக்கா நாயின் மூக்குக்கு நேரே விரலை நீட்டி ஆட்டினாள். "உன்னைத்தாண்டா சொல்றேன். விட மாட்டேன், பார்த்துக்கோ."

மேஸ்திரி காதை மடித்துக்கொண்டு கட்டிலடியில் போய்ப் படுத்தது. இப்படியே பதினோரு நாள் போயிற்று.

ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருக்கும்போது தங்கைக்குக் காய்ச்சல் வந்து, வேலைக்குப் போகாமல் உள்ளறையில் படுத்துவிட்டாள். அக்கா வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து, கிழிந்த கோட்டு ஒன்றுக்கு இழை ஓட்டிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் நல்ல துணி கிழிந்தால் அவளிடம்தான் வரும். அந்த வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் முகம் ஜன்னலுக்கு, முதுகு கதவுக்கு.

தோளில் ஒரு கை விழுந்தது. திடுக்கிட்டுத் திரும்பினால் தங்கை நிற்கிறாள், போர்வையைப் போர்த்திக்கொண்டு, தலைமுடி கலைந்து. அவளுக்குப் பின்னால் கதவடியில் மேஸ்திரி. அதன் காலடியில் ஈரம். மணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா! நீ இருக்கும்போதே துணிஞ்சுட்டான்," என்றாள் அக்கா.

"அவனைத் திட்டாதே. எத்தனை தடவை மணி அடிச்சான் தெரியுமா? பதினஞ்சு வரைக்கும் எண்ணினேன். நீ எழுந்திருப்பே, எழுந்திருப்பேன்னு படுத்திருந்தேன். அப்புறம் உன்னைக் கூப்பிட்டேன். கத்திக் கூப்பிட்டேன்க்கா."

"வேலையில கவனமா இருந்திருப்பேன்."

தங்கை அவளையே உற்றுப் பார்த்தாள். நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். துண்டுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கண்ணில் தண்ணீர் திரண்டது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சத்தமும் இல்லை.

தறிக்கூடத்தில் நூற்றிருபது தறி ஒன்றாக ஓடும். அங்கே வாய்ப்பேச்சைக் காதால் கேட்டவர் கிடையாது. வந்த முதல் வருடத்திலேயே உதட்டைப் பார்த்துப் பேச்சை வாங்கப் பழகிவிடுவார்கள். நாலு தறி தள்ளி நின்று கல்யாணச் செய்தி சொல்வார்கள், சண்டை போடுவார்கள், ஆலை மேஸ்திரி வந்தால் சட்டென்று உதட்டை மூடிக்கொள்வார்கள். அக்கா அதில் கெட்டிக்காரி. வெளியே வந்த பிறகும் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தானும் ஏமாந்து, பிறரையும் ஏமாற்றிவிட்டாள். நாயைப் பழக்கும்போதுகூட மணி ஆடியதைக் கண் பார்த்தது. கேட்டுவிட்டதாக மனசு எழுதிக்கொண்டது. ஆலையை விட்டு வந்ததால் உலகம் அமைதியாகிவிட்டது என்றுதான் இந்த மூன்று வருடமும் அவள் நினைத்திருந்தாள்.

"துண்டை எடு. என்ன சொன்னே?" என்று கேட்டாள். தன் குரல் நடுங்குவது அவளுக்குத் தொண்டையில் தெரிந்தது.

தங்கை துண்டை எடுத்தாள். "நீ இங்க வந்த புதுசுல, தினம் காலையில கதவுகிட்ட நின்னு 'போயிட்டு வரேன்க்கா'ன்னு சொல்வேன். நீ திரும்பவே மாட்டே. என் வீட்டுல வந்து இருக்கறது உனக்குப் பிடிக்கலையோ, என் மேல ஏதாவது கோபமோன்னு நினைச்சேன். கேக்கவும் பயம். அப்புறம் சொல்றதையே விட்டுட்டேன். அதைத்தான் சொன்னேன்."

அக்கா கையிலிருந்த கோட்டைக் கீழே வைத்தாள். அவளுக்கும் மனசில் ஒரு முள் இருந்தது. திரும்பிப் பார்த்தால் தங்கையின் செருப்பு இருக்காது. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போகிறாளே, பாரமாகிவிட்டோமோ என்று அவளும் குமைந்திருக்கிறாள். கேட்க அவளுக்கும் பயம்தான்.

"நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்டி," என்றாள்.

"நான் மட்டும் என்னவாம்?" என்று தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா எழுந்துபோய், ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நாயின் எதிரே உட்கார்ந்தாள். பதினோரு நாள் அது நியாயமாகக் கூப்பிட்டிருக்கிறது. பதினோரு நாளும் அவள் விரலை ஆட்டித் திட்டியதை வாங்கிக்கொண்டிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வெட்கத்தில் அவள் முகம் சுட்டது. "என்னை மன்னிச்சுடு மேஸ்திரி. நீ பாஸ் பண்ணி நாளாச்சு. நான்தான் பெயில்."

தங்கை உடனே ஆஸ்பத்திரிக்கு விசாரித்தாள். காது பார்க்கிற டாக்டரிடம் பதினெட்டாம் தேதிக்குத்தான் நேரம் கிடைத்தது. வீட்டுக்காரரின் தவணையோ ஒன்றாம் தேதி. "பெரிய மணியா ஒண்ணு கட்டலாமா?" என்றாள்.

"பெரிய மணி வீட்டுக்காரருக்குக் கேக்கும். எனக்குக் கேக்கணுமே." அக்கா யோசித்தாள். தறியில் இழை அறுந்தால் மணியா அடிக்கும்? தறிமேல் சிவப்பு விளக்கு எரியும். எரிந்த மறுநொடி ஓடவேண்டும். முப்பத்தோரு வருடம் அந்தச் சிவப்பைக் கண்டு ஓடிய கால் இது. "காது போனா என்ன? கண்ணு நல்லா இருக்கே."

தங்கையின் அறையில் கால் சுவிட்சோடு ஒரு நிற்கும் விளக்கு இருந்தது. அதன் பல்புக்குத் தங்கையின் சிவப்பு நகப்பூச்சை இரண்டு தடவை பூசினாள். விளக்கை ஜன்னலோரம் கண்ணுக்கு நேரே நிறுத்தி, ஒயரைச் சுவரோரமாக இழுத்து, சுவிட்சைக் கதவடியில் வைத்து அதன்மேல் ஒரு பலகையைப் பொருத்தினாள்.

இனி மிச்சம் மேஸ்திரியின் பாடு. முதல் நாள் பலகையைக் கடித்தது. இரண்டாம் நாள் அதைச் சுற்றிவந்து, எட்டி மணியை மட்டும் தட்டியது. மணி அடித்தே முட்டை தின்ற நாயிடம் இப்போது மிதி என்றால் அதற்கு எப்படிப் புரியும்? தங்கைக்குக்கூட நம்பிக்கை தளர்ந்தது. அக்காவுக்குத் தளரவில்லை. "அடி மேல அடி வெச்சா அம்மியே நகரும். இது நாலு கால்ல தானா நகர்ற பிராணி." மூன்றாம் நாள் மணியை அவிழ்த்து இன்னும் உயரத்தில் கட்டினாள். இப்போது பலகைமேல் முன்னங்காலை ஊன்றி எக்கினால்தான் மணி எட்டும். மேஸ்திரி ஊன்றியது. அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. அக்கா ஒரே ஓட்டமாக ஓடிக் கதவைத் திறந்தாள். நாள் முழுக்க அந்த ஓட்டம்தான். முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் ஓடினாள். ஐந்தாம் நாள் மணியையே கழற்றிவிட்டாள். மேஸ்திரி மணி இருந்த இடத்தைப் பார்த்தது, அக்காவின் முதுகைப் பார்த்தது, நெற்றியைச் சுருக்கியது, பலகையை மிதித்தது. போர்வை அன்று காய்ந்தே கிடந்தது.

ஒன்றாம் தேதி வீட்டுக்காரர் வந்தார். கதவடியில் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்து, விரலை மோந்தும் பார்த்தார். "பரவாயில்லையே," என்றவர், விளக்கைப் பற்றியும் டாக்டரைப் பற்றியும் அக்கா சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "பதினெட்டாம் தேதிக்கு அப்புறம் இந்த விளக்கெல்லாம் எடுத்துடுவீங்களா?"

"டாக்டர் காதுக்கு மிஷின் குடுத்தா வெச்சுக்கறேன் சார். விளக்கும் இருக்கட்டும். அவன் கஷ்டப்பட்டுப் படிச்சது வீணாகக்கூடாது."

மறுநாள் காலை அக்கா ஜன்னலோரம் கோட்டின் கடைசி இழையை இழுத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "வந்துட்டேன்டா, வந்துட்டேன்," என்று ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்தவளின் கால் எதிலோ தட்டியது. குனிந்து பார்த்தாள். நாற்காலியடியில் மேஸ்திரி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

திரும்பினாள். கதவடியில் தங்கை நின்றாள், தோளில் பை, ஒரு கால் செருப்புக்குள், மற்றது பலகைமேல். அவள் உதடு அசைந்தது.

"போயிட்டு வரேன்க்கா."

"போயிட்டு வாம்மா!" என்றாள் அக்கா. தறிக்கூடத்துக் குரலில் சொல்லிவிட்டாள். மேஸ்திரி விழித்துக்கொண்டது. கீழே வீட்டுக்காரர் தட்டோடு எழுந்து நின்று உத்தரத்தைப் பார்த்தார்.