பவுடர் பூசிய கால்கள்

லெப்டினன்ட் இஸ்கந்தருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கால் டாக்டர்’. அவரும் எங்களைப் போலக் கட்டாய ராணுவ சேவைக்கு வந்தவர்தான், ஒரு வயது மூத்தவர். தீவு முகாமில் தினமும் சாயங்காலம் எங்களை பூட்ஸைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொருவன் காலாகப் பார்ப்பார். தூங்கிக் கிடக்க வேண்டிய கொஞ்ச நேரமும் அதில் போய்விடும். பக்கத்துப் பிரிவு அதிகாரி பையன்களுக்குக் குடிக்க ஐஸ் மைலோ வாங்கித் தருவார். எங்களுக்கு வாய்த்தது இது. அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதுகில் மூட்டையோடு நடக்கும் பயிற்சியின் கடைசி நெடுநடைக்கு முந்தைய நாள், பக்கத்துக் கட்டில் வெய் கியாட் காலுறையைக் கழற்றினான். குதிகால் கொப்புளம் உடைந்து, சிவப்பு கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அந்த நடையை முடிக்காதவனுக்கு எங்களோடு பயிற்சி முடிந்து தொப்பி வீசும் அணிவகுப்பு கிடையாது. அடுத்து வரும் புதுக் கூட்டத்தோடு நடக்க வேண்டும்.

“காட்டிக் குடுத்துடாதீங்கடா. அணிவகுப்பப் பாக்க அம்மா கடைய மூடிட்டு வராங்க,” என்றான்.

ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் எல்லோருமே முழங்கால் வரை பவுடரை அப்பிக்கொண்டு நின்றோம்.

இஸ்கந்தர் வரிசையைப் பார்த்தார். சிரிக்கக்கூடத் தெம்பில்லாத முகம்.

“என்னடா, எல்லாரும் மாவு மில்லுலேருந்து வர்றீங்களா?”

“வேர்வை சார்.”

தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மண்டி போட்டு, முதல் ஆளிடமிருந்து காலைக் கழுவ ஆரம்பித்தார். வெய் கியாட்டிடம் வந்ததும் கை நின்றது.

“சின்னக் கொப்புளம்தான் சார். நடந்துருவேன்.”

“நடந்துருவ. அப்புறம் ஆஸ்பத்திரில கெடப்ப. டாக்டர்கிட்ட போ.”

“தெரியாதவங்களோட என்னால தனியா நடக்க முடியாது சார்.”

“போன்னு சொன்னேன்.”

கல்நெஞ்சன் என்று நடை முழுக்கத் திட்டிக்கொண்டே நடந்தோம். அணிவகுப்பு முடிந்து தொப்பி வீசினோம். அவரோடு ஒருவனும் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

புதுக் கூட்டம் அதே நெடுநடையை நடந்த அன்று நான் வேறு முகாமில் அலுத்துப்போய்க் கிடந்தேன். வெய் கியாட் படம் அனுப்பினான். வேர்த்து வழிய நிற்கிறான். பக்கத்தில், முதுகில் முழு மூட்டையோடு இஸ்கந்தர். சேவை முடியும் முன் மிச்சமிருந்த விடுப்பில், வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டிய மனிதர். எனக்கு வெட்கமாக இருந்தது. உடனே கூப்பிட்டேன்.

“வழியெல்லாம் என்னடா பேசுனாரு?”

“பேச எங்கடா? ரெண்டு பேருக்கும் மூச்சே பத்தல. முடிஞ்சதும் பூட்ஸக் கழட்டுன்னாரு.”

“அங்கேயுமா?”

“பாத்தாரு. அப்புறம் நான் சொன்னேன், நீங்களும் கழட்டுங்க சார்னு. மாட்டேன்னாரு. விடல. ரெண்டு குதிகாலும் கிழிஞ்சு கெடந்துச்சுடா.”

“அப்புறம்?”

“என் பாட்டில்ல தண்ணி இருந்துச்சு. கழுவி விட்டேன்.”