பதினான்காம் எண் சட்டை

தேவானந்தம் கடைசியாகக் கேட்டது ஒரு பொத்தான்.

“நூலை இறுக்கிப் போடுங்கம்மா. போன தடவை போட்டது ஒரு வாரம்கூடத் தாங்கல.”

“நூல் நல்லாத்தான் இருக்கு. உங்க கைதான் சும்மா இருக்கறதில்ல,” என்றாள் ரத்தினபாய்.

கிணற்றடியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். இருவரும் முப்பத்தொன்பது வருடம் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்தவர்கள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. சிட்லபாக்கத்து அந்த முதியோர் இல்லத்தில், துணையென்று யாருமில்லாத ஏழைகளுக்கு மட்டுமே இடம். அதனால் ஒரு மாத இடைவெளியில் தனித்தனியே வந்து, அவர் மனைவியை இழந்தவர் என்றும் இவள் விதவை என்றும் சொல்லிச் சேர்ந்தார்கள். சட்டையின் இரண்டாவது பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். இல்லத்துத் துணிகளைத் தைப்பது இவள் வேலை. அது போதுமாக இருந்தது.

அது 1987. ஐப்பசி மழையில் ஆண்கள் கூடத்து ஓடு சரிந்தது. “பதினைஞ்சு நாள்தான்” என்று சொல்லி, அன்று மத்தியானமே ஆண்களை வேனில் ஏற்றி ஊரப்பாக்கத்துக் கிளைக்கு அனுப்பினார் வார்டன் வேதசிரோமணி. பதினைந்து நாள் மூன்று மாதமாயிற்று. ஓடு மாற்ற ஆள் வரவில்லை. கூடத்துக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது.

செவ்வாய்தோறும் தைக்க வேண்டிய துணி மூட்டை மட்டும் அங்கிருந்து வந்தது. அதில் அவர் சட்டையும் இருக்கும்; காலரில் அவர் படுக்கை எண் பதினான்கு. இரண்டாவது பொத்தான் இருக்காது. அதைப் பார்த்த பிறகுதான் ரத்தினபாய்க்குச் சோறு இறங்கும்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய், அந்தச் சட்டை முழங்கை கிழிந்து வந்தது. அவள் தைத்த பொத்தான் தைத்தபடியே இருந்தது. காலரில் வெற்றிலைக் கறை. அவர் வெற்றிலை போட்டதேயில்லை.

வேன் டிரைவர் பொன்னுரங்கத்திடம், “பதினாலாம் நம்பர்ல யாருப்பா?” என்றாள்.

“புச்சா ஒரு பெர்சு வந்துகீதும்மா. வாயத் தொறந்தா மூடாது.”

“முன்ன இருந்தவரு?”

“அவரு பொங்கலுக்கு முன்னாடியே பூட்டாரே. யாருமில்லாத ஆளாச்சே, இல்லத்துலயே அடக்கம் பண்ணிட்டாங்க. ஏம்மா, தெரிஞ்சவரா?”

ரத்தினபாய் ஊசியைத் துணியில் குத்திவிட்டு அலுவலக அறைக்குப் போனாள்.

“அவர் என் வீட்டுக்காரர் சார். எழுதிக்கோங்க.”

வேதசிரோமணி பதிவேட்டைத் திறந்து, அவள் பெயரைத் தேடி அதில் விரலை வைத்தார்.

“உங்க வரியில மாத்த ஒண்ணுமில்லையேம்மா,” என்றார்.

அவளுக்குத் தலைகீழாகவும் படிக்க வந்தது. ‘விதவை’ என்று, சேர்ந்த அன்று எழுதியது அப்படியே இருந்தது.