எறும்பின் கொட்டாவி

"பக்கத்துத் தெருவுல எறும்பு கொட்டாவி விட்டாக்கூட எனக்குக் கேக்கும்" என்று பிரஸ்காரர் சொன்னபோது, அவருக்குப் பின்னால் குக்கர் கணக்கில்லாமல் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கச் சொல்லி அவர் மனைவி மாடியிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

காலம் முழுக்க அச்சு இயந்திரத்தோடு குடித்தனம் நடத்தியவர். ரிட்டயரான அன்று காதை அங்கேயே விட்டுவிட்டு வாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மகள் வாங்கித் தந்த காது மெஷின் சவரப் பெட்டியில் பிரிக்காமல் கிடந்தது. "அதெல்லாம் கிழவனுங்க மாட்டுறது" என்பார், எழுபத்தோரு வயதில்.

மனைவி டெலிபோன் ஆபீசில் இருந்தவள். அந்தக் குரலுக்காகவே, தப்பான நம்பர் கிடைத்தவர்கள்கூட நன்றி சொல்லிவிட்டு வைப்பார்களாம். இப்போது அது துருப்பிடித்த கீல் மாதிரி ஆகிவிட்டது. அதுவும் எப்போது? ரிட்டயரானவர்களின் பாட்டுக் குழுவில், ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்கு, நாலு அடி தனியாகப் பாட அவளைத் தேர்ந்தெடுத்திருந்த நேரத்தில். மேடையில் தனியாகப் பாடுவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"சனிக்கிழமைக்குள்ள குரல் தெளியலன்னா நம்ம குழு பேங்க் அக்காவுக்குத்தான் குடுக்கணும்" என்றாள் பாட்டு டீச்சர், மகள் வயதுப் பெண். "வீட்ல யார்கிட்டம்மா இப்படிக் கத்துறீங்க?"

"கத்தலையே. வீட்டுக்காரர்கிட்ட பேசுறேன்."

டீச்சர் விதித்தாள்: கத்தக் கூடாது. கிசுகிசுப்பும் வேண்டாம், அதுவும் தொண்டைக்குப் பாரம்தான். கனைக்கவே கூடாது, அரித்தால் எச்சிலை முழுங்க வேண்டும். தினமும் தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி கிளம்ப மெல்ல 'ஊ' என்று இழுக்க வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டிலும் டெலிபோன் குரல்தான். "ஏங்க, பால் பொங்குது" என்றாள். பால் பொங்கி அடுப்பையே அணைத்தது. "ஏங்க, டேங்க் நிரம்பிடுச்சு." மாடிப்படியில் அருவி இறங்கியது. "ஏங்க, அது என் கண்ணாடி." அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கழுத்துவரை வந்த கத்தல்களை மாத்திரை மாதிரி ஒவ்வொன்றாக விழுங்கினாள். விழுங்கியதெல்லாம் மண்டையில் போய்க் கொதித்தது.

அவரோ மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று புகார் செய்தார். மகள் சொன்ன பதிலும் அவர் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் அடுப்படியில் குமிழி விட்டுக்கொண்டிருந்தாள். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே முடிவுகட்டி, டம்ளரைப் பிடுங்கப் போனார். உள்ளங்கையில் டம்ளர் அதிர்ந்தது. அவள் சுருதியை ஏற்றினாள். அதிர்வு பொடிப்பொடியாகி விரல்வரை ஓடியது. அவர் கையை எடுக்கவில்லை.

"பாடுறியா?"

ஸ்ட்ராவை எடுக்காமலே தலையாட்டினாள்.

"எத்தனை நாளா?"

சொன்னாள். உதடு அசைவதுதான் தெரிந்தது. அந்த உதட்டையே பார்த்துவிட்டு, சவரப் பெட்டியைத் தேடிப் போனார்.

அதன்பிறகு வீட்டில் யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை பாடவைத்துப் பார்த்த டீச்சர் நாலு அடியையும் அவளிடமே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடைசி வரிசையில், கதவோரம் இருந்தார். உச்சத்துக்கு ஏறும் மூன்றாவது அடிக்கு முன்னால் அவள் தொண்டை அரித்தது. பாட்டு அட்டையை முகத்துக்கு நேரே உயர்த்தி, முழுங்கி, வயிறு விரிய மூச்சிழுத்து ஏறினாள். குரல் எங்கும் உரசவில்லை. பேங்க் அக்காகூடக் கைதட்டினாள், கொஞ்சம் தாமதமாக.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஆரம்பித்தார்.

"மூணாவது அடிக்கு முன்னாடி எச்சில் முழுங்கின. கேட்டுச்சு."

"சும்மா அளக்காதீங்க. பக்கத்துல நின்னவங்களுக்கே கேக்கல. பாத்திருப்பீங்க."

"அட்டையால மூஞ்சிய மறைச்சுட்டியே, எங்கேருந்து பாக்குறது? அதுவும் ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பஸ் மேட்டில் உறுமிக்கொண்டு ஏறியது. கண்ணாடியோடு உதட்டை ஒட்டி, தனக்கே கேட்காதபடி, "புளுகு" என்றாள்.

"புளுகு இல்ல. கிசுகிசுக்காத, தொண்டைக்கு ஆகாது."

மூச்சுப் பட்டு ஜன்னலில் சின்ன வட்டமாக மங்கியிருந்தது. அதை விரலால் துடைத்தாள்.

"ரெண்டு தடவதான் முழுங்கினேன்" என்றாள்.