சத்தம் போடாத வாரம்

"குடிக்கிறவன்னு நெனச்சிட்டாருடி என்னை! கடைத்தெருவுல, நாலு பேரு நிக்கிற எடத்துல..."

"மெதுவா பேசுங்க, பக்கத்து வூட்டுக்காரருக்கும் நைட் ஷிப்டு, இன்னும் எழுந்திருக்கல..."

"நாலு பேரு நிக்கிற எடத்துல வெச்சி, 'சிங்காரவேல், எந்தக் கோவமா இருந்தாலும் புள்ளைங்க மேல காட்டாதப்பா'ன்றாரு. நானு! எம்புள்ளைங்க மேல ஒரு நாளு கை வெச்சிருப்பனா? சொல்லு!"

"அதை அவருகிட்ட சொல்றதுதான? எங்கிட்ட எதுக்குக் கத்துறீங்க?"

"சொல்ல வுட்டாரா? தோளத் தட்டிட்டுப் போயிட்டாரு. தோளை!"

அவர் தட்டிய தோளைத் தானே ஒருமுறை தட்டிக் காட்டினான் சிங்காரவேல். முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் ஏறுவான் என்று தலையைக் குனிந்துகொண்டாள். தோளைத் தட்டியவர் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வைத்திலிங்கம். நல்ல மனுஷர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. காலையில் போய் மாலையில் திரும்புகிற வேலையைத் தவிர வேறு வேலையைப் பார்த்தறியாத குடும்பம். அவருக்கு நைட் ஷிப்ட் வாரம் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்?

சுரங்கத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிங்காரவேலுக்கு நைட் ஷிப்ட் வரும். இரவு பத்துக்கு உள்ளே போனால் காலை ஆறுக்குத்தான் சங்கு ஊதும். வீடு வந்து, குளித்து, பழையது குடித்துப் படுக்க எட்டாகிவிடும். வீடு என்பது ஓர் அறை, ஓர் அடுப்படி, பின்னால் துணி காயப்போட ஒரு முழம் இடம். அந்த ஓர் அறையில் அவன் படுத்தால் மற்றவர்கள் எங்கே நடப்பது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? அதனால் அந்த வாரம் முழுக்க ஒன்பது வயது துரைராஜும் ஆறு வயது தமயந்தியும் தூக்குச் சட்டியோடு ஏழரைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். வாசல் கதவு திறக்கும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடத் தின்றுவிட்டு வரும்போது இவர்கள் ஆறிய சோற்றைப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தின்ன வேண்டும். மாலை மணி அடித்த பிறகும் மைதானத்திலேயே விளையாடிக்கொண்டிருந்து ஐந்தரைக்குத்தான் வீடு திரும்ப வேண்டும். பத்து மணி நேரம். பெரியவர்களுக்கே எட்டு மணி நேரம்தான் ஷிப்ட்.

வைத்திலிங்கம் வாத்தியார் இதைப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

"வீடு பக்கத்துலதானே இருக்கு? போய்ச் சாப்பிட்டுட்டு வர்றது."

"போவக் கூடாது சார். வூட்டுல அப்பா இருக்காரு" என்றாளாம் தமயந்தி.

"இருந்தா என்ன?"

"சத்தம் கேட்டா எழுந்துடுவாரு சார்."

"எழுந்தா என்னம்மா செய்வார்?"

இங்கேதான் துரைராஜ் குறுக்கே புகுந்து, "எழுந்தா அவ்ளோதான் சார்" என்று முடித்து வைத்திருக்கிறான். பிள்ளைகள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்ததைத்தான் அப்படியே ஒப்பித்திருக்கின்றன.

"நாளைக்கு மத்தியானம் எம்புள்ளைங்க வூட்டுக்கு வந்துதான் சோறு துன்னணும்" என்றான் சிங்காரவேல். "அப்பன் இருக்கிற வூட்டுக்கு வரப் பயப்படுற புள்ளைங்கன்னு ஊரெல்லாம் பேசிகினு இருக்கும். நான் கேட்டுகினு சும்மா படுத்திருக்கணுமா?"

"தூக்கம் கெட்டா?"

"கெட்டா கெடட்டும்."

"கெட்டா கெடட்டுமா? மெமோ வாங்கினது மறந்துபோச்சா?"

போன மாதம் விடியற்காலை நாலு மணிக்குப் பம்பு மேடையில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டான். போர்மேன் வந்து எதிரே நின்றதே தெரியவில்லை. பம்பு வேலை விளையாட்டு இல்லை. பூமிக்கு அடியிலிருந்து முட்டிக்கொண்டு வருகிற தண்ணீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே ஆள் நடமாட முடியும், நிலக்கரி வெட்ட முடியும். வரிசையாக ஓடுகிற பம்புகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவனுக்கு வேலை. இன்னும் இரண்டு மாதத்தில் பெர்மனென்ட் ஆர்டர் வர வேண்டும். இன்னொரு தடவை கண் மூடினால் ஆர்டரும் இல்லை, வேலையும் இல்லை, இந்த ஓர் அறையும் இல்லை.

அதற்காகத்தான் கஸ்தூரியம்மாள் அந்த வாரத்தில் வீட்டையே பஞ்சில் பொதிந்து வைத்திருப்பாள். மிளகாய் அரைப்பதை ராத்திரியே அரைத்துவிடுவாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்காமலிருக்க வாளிக்குள் ஒரு பழந்துணி போடுவாள். கடிகாரத்தைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பாள். கீரைக்காரிகூட அவர்கள் வாசல் வந்ததும் வாயை மூடிக்கொண்டு, கையால் "வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போய்த்தான் அடுத்த கூவல் கூவுவாள். இத்தனை செய்தும் அவன் புரண்டுகொண்டேதான் இருப்பான். பத்து மணிக்கு ஒருமுறை திடுக்கென்று எழுந்து உட்காருவான், பன்னிரண்டுக்கு ஒருமுறை. எங்கேயோ எதுவோ சத்தம் கேட்டிருக்கிறது என்று அவள் இன்னும் ஒரு துணியைத் தேடுவாள்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தன. வாசலிலேயே நின்று காலைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, சுவரோரமாக ஒட்டி நடந்து அடுப்படிக்குள் போய் உட்கார்ந்தன. தமயந்தி தண்ணீர் வேண்டுமென்றால் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். துரைராஜ் போதும் என்று தட்டின் மேல் கையை விரித்தான். அப்பளத்தைக் கடித்தால் நொறுங்குமே என்று தமயந்தி அதை வாயில் வைத்து ஊறவிட்டு, நெடுநேரம் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரியம்மாளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எந்த வீட்டுப் பிள்ளைகள் இப்படி இருக்கும்?

பிள்ளைகள் போனதும் பாயிலிருந்து குரல் வந்தது.

"போயிட்டாங்களா?"

"முழிச்சிகினா இருந்தீங்க? ஒரு சத்தமும் வரலியே!"

"அதான்" என்றான் அவன், கூரையைப் பார்த்தபடி. "எழவு வூட்டுல சோறு துன்னுற மாதிரி துன்னுட்டுப் போவுதுங்க. இதுக்கு அந்த வாத்தியாரு சொன்னதே தேவலாம்."

அன்று இரவு கண் சிவக்கச் சிவக்க வேலைக்குப் போனான். காலையில் வந்தபோது முகம் வீங்கியிருந்தது. "போர்மேன் ரெண்டு வாட்டி வந்து பாத்துட்டுப் போனாரு" என்று மட்டும் சொன்னான். கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். கஸ்தூரியம்மாள் பிள்ளைகளை வழக்கம்போல ஏழரைக்கே அனுப்பியிருந்தாள். ஆனால் சோற்றைக் கொடுத்தனுப்பவில்லை. ஆறியதைத் தின்ன வேண்டாம், மத்தியானம் நாமே சூடாகக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தூக்கில் போட்டு மூடி அலமாரியில் வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் வாங்கப் போனாள்.

வரிசை நீண்டுவிட்டது. திரும்பி வந்தால் பாய் காலி. ஆணியில் சட்டை இல்லை. அலமாரியில் தூக்கு இல்லை.

தூங்காத கண்ணோடு, வாத்தியார் மேல் இருக்கிற கோபத்தோடு நேராகப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போயிருக்கிறான். ஏதாவது ஒரு சொல் கூடக்குறையப் பேசிவிட்டால், அது டவுன்ஷிப் ஆபீஸ்வரைக்கும் போனால்? இன்னும் இரண்டே மாதம். கஸ்தூரியம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

இரண்டு தெருவுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்து இரைச்சல் கேட்டது. தாழ்வாரத்தில் இரண்டு வரிசையாகச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து நடந்து வருகிற பிள்ளைகளுக்கு அங்கே இலவசமாகக் கோதுமைச் சோறு. நூறு பிள்ளைகள், நூறு தட்டு, நூறு வாய். ஆயாம்மா கலியம்மாள் கரண்டியும் கையுமாக நடுவில் நின்றுகொண்டு அத்தனை வாய்க்கும் மேலே கத்திக்கொண்டிருந்தாள். கஸ்தூரியம்மாளைப் பார்த்ததும் கரண்டியை ஆட்டினாள்.

"வா கஸ்தூரி, வா! வூட்டுல சோறு போடுறியா இல்லியா? உம் புருசன் எம் பந்தியில வந்து குந்திகினு ரெண்டு கரண்டி கோதுமைச் சோத்த வாங்கித் துன்னுட்டாரு!"

"சண்டை கிண்டை போட்டாராக்கா?"

"யாரு, அவரா? சார்கிட்ட கைகட்டிகினு பேசினாரு. 'நான் அடிக்கிறவன் இல்லீங்க, பம்பு ஓட்டுறவன், எம்புள்ளைங்க கூட குந்திச் சாப்பிட வந்தேன்'னாரு. சாருக்கு முகமே இல்ல. 'தெரியாமப் பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க'ன்னு அவரே தட்டை எடுத்துக் குடுத்தாரு. அப்புறம் பாரு கூத்தை. இன்னாடி செஞ்சி வெச்சிருக்கிற அந்த மனுசனை? ஏப்பம் வுட்டாரு, தூண்ல சாஞ்சாரு, அவ்ளோதான். தலைமாட்டுல இந்தப் பயலுவ தண்ணி அண்டாவையே உருட்டி வுட்டானுவ. அசையலியே!"

கஸ்தூரியம்மாள் பார்த்தாள். வரிசையின் கடைசியில், தூணில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி, வாய் லேசாகத் திறந்திருக்கச் சிங்காரவேல் தூங்கிக்கொண்டிருந்தான். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு தூக்கத்தை அவள் பார்த்ததில்லை. மடியில் வைத்த கை மலர்ந்து கிடந்தது. அவன் முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தமயந்தி, எதிர்வரிசைப் பையனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கருவாட்ட எடுத்தியே, கீழ வெய்டா! அப்பா பக்கத்துல இருக்காரு, சொல்லிடுவேன்!"

என்ன குரல்! கூரை அதிர்ந்தது. இது நம் பெண்ணின் குரல்தானா என்று கஸ்தூரியம்மாள் ஒரு நிமிஷம் திகைத்துப் போனாள். வீட்டில் தொண்டையைத் தொட்டுத் தண்ணீர் கேட்கிற பெண்.

அப்போதுதான் வைத்திலிங்கம் வாத்தியார் கையைத் துடைத்துக்கொண்டே தம் அறையிலிருந்து வெளியே வந்தார். தூங்குகிற மனிதனைப் பார்த்தார். அவர் முகம் இளகியது. இரண்டு கையையும் உயர்த்தி, பிள்ளைகளைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார். வாத்தியார் விரல் அல்லவா? முன்வரிசை அடங்கியது. பின்வரிசை அடங்கியது. கருவாட்டுக்காரப் பையன் மென்றதை நிறுத்தினான். கலியம்மாள் கரண்டியை ஓசைப்படாமல் குண்டானுக்குள் இறக்கினாள். தாழ்வாரம் முழுக்க அப்படி ஓர் அமைதி.

சிங்காரவேலின் புருவம் நெரிந்தது. மலர்ந்து கிடந்த கை மெல்ல மூடியது. தலை தூணிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி, எதையோ தேடுவதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

இந்தச் சாய்வு கஸ்தூரியம்மாளுக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, பாயில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். பம்பு மேடையில் எட்டு மணி நேரம் அவன் கண்ணால் பார்க்கிற வேலையா பார்க்கிறான்? காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரைச்சல் இருக்கிறவரைக்கும் எல்லாம் சரி. இரைச்சல் நின்றால் பம்பு நின்றது, எழுந்து ஓட வேண்டும். அந்தக் காதைத்தான் அவள் வீட்டில் படுக்கவைத்து, வாளிக்குத் துணி போட்டு, கடிகாரத்தைப் பெட்டியில் பூட்டி, பிள்ளைகளை வெயிலில் அனுப்பி, மணிக்கு ஒருதரம் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

யோசிக்க நேரமில்லை. அவன் இமை துடிக்கத் தொடங்கியிருந்தது. உதட்டில் விரலோடு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நின்றுகொண்டிருந்த வாத்தியாரிடம் இரண்டே எட்டில் போய் நின்றாள்.

"சார், கோவிச்சிக்காதீங்க சார்... இதுங்கள எதையாவது கத்தச் சொல்லுங்க சார்! வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்க, பதினாறாம் வாய்ப்பாடு, நல்லா சத்தமா, சீக்கிரம் சார்!"