கழிவு போடாத எடை

வீரபாண்டிக்கு மூளை மண்டைக்குள் இருக்கிறதா, மோட்டோகிராஸ் பைக்கின் சீட்டுக்கு அடியில் இருக்கிறதா என்று அவன் மனைவி பாண்டிச்செல்விக்கு வெகுநாளாகச் சந்தேகம். போன மாதப் பந்தயத்தில் அது தீர்ந்தது. மண்மேட்டில் தாவி இறங்கியபோது முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்குகிற ஃபோர்க் முழுசாக அமுங்கி ‘டங்’கென்று முட்ட, ஆள் தனியாகப் பறந்துபோய்ச் சகதியில் விழுந்தான்.

“இன்னொரு தடவை விழுந்தீங்க, பைக்கை அனிலுக்கு வித்துருவேன்” என்றாள். அவள் சொன்னால் செய்கிற ரகம். அடுத்த பந்தயம் ஞாயிற்றுக்கிழமை.

“ஃபோர்க், பின் ஷாக், எல்லாத்தையும் புதுசா மாத்துடா” என்றான் கூட ஓட்டுகிற அனில். தன் வீட்டுக்கு வரப்போகிற பைக்குக்கு அவன் முன்கூட்டியே சீர் கேட்கிறான் என்பது வீரபாண்டிக்கு உறைக்கவே இல்லை.

மெக்கானிக் சேவியர் சேட்டன் ஒரே கேள்விதான் கேட்டார். “ஸ்பிரிங் ஆளோட வெயிட்டுக்கு ஒத்து வரணும். நீ எத்தர கிலோ?”

“எழுபது.”

“அப்போ இருக்கிற ஸ்பிரிங்கே கரெக்ட். ஓட்டுறவன்தான் சரியில்ல.”

இது சகதியில் விழுந்ததைவிட வலித்தது. மறுநாள் கொச்சி மட்டாஞ்சேரி சுக்கு குடோனில் சாயா குடிக்கும்போது புலம்பினான். அங்கே அவன் எடை போடுகிறவன். பாண்டிச்செல்வி சுக்கு பொறுக்குகிறவள்.

“எழுபதுன்னு எவன் சொன்னான்?” என்று கேட்டாள்.

“நம்ம தராசுதான். ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கிட்டு ஏறி நின்னேன். அப்புறம் கழிவு போட்டேன்.”

பதினைந்து வருடமாகக் கழிவு போடாமல் அவன் ஒரு மூட்டையைக்கூட இறக்கியதில்லை. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று மொத்த எடையில் கழித்துவிடுவான். அதே கையோடு தனக்கும் ஹெல்மெட்டைக் கழித்தான், பூட்ஸைக் கழித்தான், மார்புக் கவசத்தைக் கழித்தான். மதியம் தின்ற பிரியாணியை ஈரக் கணக்கில் தாராளமாகவே கழித்திருந்தான்.

“பைக்ல ஏறும்போது தொப்பையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டா ஏறுவீங்க?” என்றாள். பொறுக்குகிற பெண்கள் அத்தனை பேரும் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் முழுக் கவசத்தோடு தராசில் ஏறினான். சேவியர் சேட்டன் போன் லைனில் காத்திருந்தார். எடையைச் சத்தமாகக் கூவுவது அந்தக் குடோன் வழக்கம். கூவ வேண்டியவனும் அவனே. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐந்து கிலோ குறைத்துச் சொன்னால் யாருக்குத் தெரியும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் பைக் போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“தொண்ணூத்திரெண்டு!” என்று கூவினான். “கழிவு இல்ல!”

குடோன் குலுங்கிச் சிரித்தது. போனில் சேட்டனும் சிரித்தார். “புது ஃபோர்க் ஒண்ணும் வேண்டா. கட்டியான ஸ்பிரிங் முன்னும் பின்னும் போட்டா மதி, அது போதும்.”

ஞாயிற்றுக்கிழமை அதே மேட்டில் தாவினான். ‘டங்’ கேட்கவில்லை. பன்னிரண்டு பேரில் ஒன்பதாவதாக வந்து, முதலாவதாக வந்தவனைப்போல் கையை ஆட்டினான்.

“பார்த்தியா செல்வி? விழல! இனிமே அனிலுக்குப் பைக் கிடையாதுன்னு சொல்லிரு.”

“அவன்கிட்ட அன்னைக்கே சொல்லியாச்சு.”

“என்னைக்கு?”

“அத்தனை பொம்பளைங்க முன்னாடி கழிவு போடாம நின்னீங்களே, அன்னைக்கு.”